வண்டி எப்போது சூடாகிறது? பழைய கார் வைத்திருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

மே மாத மதியம் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்குக் காரில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. காவிரிப் பாலத்தைத் தாண்டி மாம்பழச்சாலை சிக்னலை நெருங்கும்போது, ஒரு பழைய அம்பாஸடரோ மாருதி 800-ஓ பானெட்டைத் திறந்துகொண்டு ஓரமாக நிற்கும். உள்ளிருந்து ஆவி பறக்கும். பெருமாளைச் சேவிக்கக் கிளம்பிய பாட்டி, பின் சீட்டில் முந்தானையால் விசிறிக்கொண்டிருப்பார். ஓட்டி வந்தவர் கையில் தண்ணீர் பாட்டிலோடு நிற்பார்.

அதற்குள் நாலு பேர் கூடிவிடுவார்கள். "ரேடியேட்டர் அடைச்சிருக்கும்" என்பார் ஒருவர். "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடுங்க, சரியாயிடும்" என்பார் இன்னொருவர். "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார், பெரிய செலவு" என்று பயமுறுத்துவார் மூன்றாமவர்.

மூன்று பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். மூன்றுமே தப்பாகவும் இருக்கலாம். இன்ஜின் சூடாவது காய்ச்சல் மாதிரி. அது நோயின் அறிகுறி. நோய் வேறு எங்கோ இருக்கிறது. காரணம் தெரியாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனால் காசு கரையும், சூடு அப்படியே இருக்கும். கடைசியில் இன்ஜின் 'சீஸ்' ஆகிவிட்டால், அதைச் சரிசெய்யும் செலவு பல பழைய கார்களின் விற்பனை விலையையே தொட்டுவிடும்.

அதனால் எந்த பாகத்தை மாற்றுவது என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வண்டி எப்போது சூடாகிறது?

சூடு எங்கிருந்து வருகிறது?

பெட்ரோலில் இருக்கும் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்ஸர் வழியாகப் போய்விடுகிறது. மீதியில் பெரும்பகுதியை இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொண்டு, ரேடியேட்டரில் வந்து காற்றிடம் கொடுக்கிறது.

கார் பிறந்த காலத்திலிருந்தே இது தலைவலிதான். 1888-ல் ஜெர்மனியில் பெர்தா பென்ஸ், தன் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியில் இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிப் போனார். அந்த வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகித்தான் இன்ஜின் குளிர்ந்தது. அதனால் வழிநெடுகத் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது.

இன்றைய ஏற்பாடு வேறு. ஒரே தண்ணீர் மூடிய சுற்றில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வாட்டர் பம்ப் அதைத் தள்ளுகிறது. தெர்மோஸ்டாட் என்னும் சின்ன வால்வு, இன்ஜின் பதமான சூட்டுக்கு வரும்வரை மூடியிருந்து, பல வண்டிகளில் 82 அல்லது 88 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்குகிறது. ரேடியேட்டரின் வழியாகக் காற்றை இழுப்பது ஃபேன்.

இவற்றோடு, யாரும் கண்டுகொள்ளாத ஒரு பாகம் உண்டு: ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடியல்ல, பிரஷர் குக்கர் வெயிட் மாதிரி. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் பார்த்துக்கொள்கிறது. 0.9 பார் அழுத்த மூடி நன்றாக இருந்தால், வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். சூடாகும் வண்டியில் விலை குறைவாக மாற்றக்கூடிய பாகமும் இதுதான்.

முதல் பத்து நிமிடம்

காரணத்தைத் தேடுவதெல்லாம் பிறகு. முள் ஏறும்போது முதலில் காப்பாற்ற வேண்டியது ஆட்களை, அடுத்தது இன்ஜினை.

முள் வழக்கத்தைவிட மேலே போகத் தொடங்கினால் உடனே ஏ.சி-யை நிறுத்துங்கள். ஹீட்டர் இருக்கும் வண்டியானால் அதை முழுச் சூட்டில் வைத்து, ப்ளோயரையும் வேகமாகப் போடுங்கள். திருச்சி வெயிலில் ஹீட்டரா என்று சிரிக்க வேண்டாம். ஹீட்டருக்குள்ளும் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. அதுவும் கொஞ்சம் சூட்டை வெளியே தள்ளும். முள் சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ யோசிக்கவே வேண்டாம். ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, வீடு வந்துடும்" என்று ஓட்டுவதுதான் சின்னக் கோளாறைப் பெரிய செலவாக்குகிறது.

அடுத்தது, சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர் அழுத்தத்தால்தான் தண்ணீராக இருக்கிறது. மூடியைத் திருகியதும் அழுத்தம் விடுபட்டு, ஒரு நொடியில் ஆவியும் கொதிநீருமாகப் பீறிடும். முகமும் கையும் வெந்துபோகும். துணியைச் சுற்றித் திறந்தாலும் ஆபத்துதான். அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, மேல் ஹோஸைத் தொட முடிகிற அளவு ஆறிய பிறகு திறக்கலாம்.

கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் கூடாது. சூட்டில் விரிந்திருக்கும் உலோகம் திடீரென்று சுருங்கி விரிசல் விடலாம். ஆறிய பிறகு, இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

நின்றால் சூடு, ஓடினால் சரி

சிக்னலிலும், வைகுண்ட ஏகாதசி நெரிசலிலும், ராஜகோபுரத்துக்கு முன்னால் ஊர்ந்து போகும்போதும் முள் ஏறுகிறது. வண்டி கொஞ்சம் வேகமெடுத்ததும் இறங்கிவிடுகிறது. இப்படி இருந்தால் சந்தேகம் காற்றின் மேல் விழ வேண்டும். ஓடும் வண்டிக்குள் காற்று தானாகப் புகும். நிற்கும் வண்டிக்கு ஃபேன்தான் கதி.

பழைய அம்பாஸடரில் ஃபேனும் வாட்டர் பம்ப்பும் ஒரே பெல்ட்டில் சுற்றுகின்றன. இன்ஜினை அணைத்துவிட்டு, பெல்ட்டின் நடுப்பகுதியைக் கட்டை விரலால் அழுத்துங்கள். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் சரி. தொளதொளவென்று இருந்தால் பெல்ட் நழுவுகிறது. ஃபேன் மட்டுமல்ல, பம்ப்பும் மெதுவாகத்தான் சுற்றும்.

மாருதி 800-ல் இருப்பது மின்சார ஃபேன். குறிப்பிட்ட சூடு வந்ததும் தெர்மோ சுவிட்ச் அதை ஓடவிட வேண்டும். ஃபேன் சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கலாம். மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்து, அது சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது. கோளாறு சுவிட்சிலோ வயரிங்கிலோ என்று தெரிந்துவிடும். வயரிங் வேலை பார்த்த பிறகு சூடாகத் தொடங்கிய வண்டியானால், ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். இணைப்பு மாறியிருந்தால் காற்று எதிர்ப்பக்கம் போகும்.

ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடு உடைந்து தூக்கி எறியப்பட்டிருந்தாலும் இதே நிலைதான். ஏ.சி கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பஞ்சும் தூசியும் பூச்சியும் அடைத்திருந்தாலும் காற்று நுழையாது.

ஓட ஓடச் சூடு

ஊருக்குள் ஒரு தொந்தரவும் இல்லை. நம்பர் 1 டோல்கேட்டைத் தாண்டி, சமயபுரம் வழியாகச் சென்னை நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முள் மெல்ல மெல்ல ஏறுகிறது. இங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. குறைவது தண்ணீர் ஓட்டம், அல்லது சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரின் திறன்.

முதல் சந்தேகம் ரேடியேட்டர் அடைப்பு. வண்டி நன்றாகச் சூடான பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டரின் பல இடங்களில் சூட்டை அளந்து பார்க்கலாம். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால், அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன.

அடுத்தது கீழ் ஹோஸ். பம்ப் தண்ணீரை உறிஞ்சுவது இந்த வழியாகத்தான். ரப்பர் நைந்துபோன ஹோஸ், நிற்கும்போது நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். இன்ஜின் வேகமெடுத்ததும் உறிஞ்சலில் சப்பிக்கொண்டு வழியை அடைத்துவிடும். பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் ஆக்ஸிலரேட்டரை அழுத்த, இன்னொருவர் தள்ளி நின்று பார்த்தால் தெரிந்துவிடும். வாட்டர் பம்ப்பின் இறக்கைகள் துருப்பிடித்துத் தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

ஏற்றத்தில் மட்டும் சூடு

திருச்சிக்காரர்கள் கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு போவதுண்டு. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை அது. குறைந்த கியர், மெதுவான வேகம், நிறைய பாரம். அரைகுறையாக அடைத்த ரேடியேட்டர் சமவெளியில் தப்பித்துவிடும், மலையில் மாட்டிக்கொள்ளும்.

ரேடியேட்டர் நன்றாக இருந்தும் ஏற்றத்தில் சூடானால், இன்ஜின் தேவையில்லாமல் உழைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வண்டிகளில் பிரேக் முழுதாக விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இருப்பது சகஜம். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பிரேக் பிடிக்கிறது. கிளட்ச் நழுவினாலும், இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும் சூடு கூடும். இப்போது பங்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய கார்புரேட்டர் வண்டிகளில் எரிபொருள் கலவையைக் கொஞ்சம் மெலிதாக்கிவிடும். மெலிந்த கலவையும் சூட்டைக் கூட்டும் என்பதால், கார்புரேட்டர் டியூனிங்கையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களில் சூடு

தில்லை நகரிலிருந்து தென்னூர் போவதற்குள் முள் உச்சிக்குப் போகிறது என்றால், காரணங்கள் மூன்று: தண்ணீரே இல்லை, தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டது, அல்லது ஹெட் கேஸ்கெட் போய்விட்டது.

தண்ணீர் அளவு சரியாக இருந்து, இன்ஜின் கொதிக்கும்போதும் ரேடியேட்டர் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். கழற்றிச் சோதிப்பதும் எளிது. ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீரைக் காய்ச்சி அதில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். கொதித்த பிறகும் திறக்கவில்லையென்றால் புதிது வாங்குங்கள். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்க வேண்டாம், கூலன்ட் விஷம்.

ஹெட் கேஸ்கெட்டா? பிரிக்கும் முன் உறுதி செய்யுங்கள்

"ஹெட்டை இறக்கிப் பார்த்துடலாம்" என்பது பெரிய செலவின் தொடக்கம். அதற்கு முன் சில சோதனைகள் இருக்கின்றன. இரவெல்லாம் ஆறிய வண்டியின் ரேடியேட்டர் மூடியைக் காலையில் திறந்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்து சில நிமிடங்கள் பாருங்கள். இடைவிடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால், சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் புகுகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் குழம்பு படிந்திருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். இன்ஜின் சூடான பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை தொடர்ந்து வருவதும் ஓர் அறிகுறி.

ஒர்க் ஷாப்பில் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்கலாம். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் ரசாயனச் சோதனையும் உண்டு. பெட்ரோல் இன்ஜினின் புகை கலந்திருந்தால் அந்த நீலத் திரவம் மஞ்சளாக மாறும்.

ஹெட்டை இறக்கியே ஆக வேண்டுமென்றால், வெறும் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிடக் கூடாது. நேர்கோல் வைத்து, ஹெட் வளைந்திருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். பழைய அம்பாஸடரின் பி.எம்.சி வகை இன்ஜினில் ஹெட் வார்ப்பிரும்பு. மாருதி 800-ல் அலுமினியம். சூட்டில் சீக்கிரம் வளையும். வளைந்த ஹெட்டை லேத் பட்டறையில் ஃபேஸிங் செய்யாமல் மாட்டினால், புதுக் கேஸ்கெட்டும் போய்விடும்.

முள்ளை முழுதாக நம்பாதீர்கள்

பழைய வண்டியில் மீட்டரும் பழையதுதான். ஆவியில்லை, வாசனையில்லை, ஹோஸ் சாதாரணச் சூட்டில் இருக்கிறது, முள் மட்டும் சிவப்பில் நிற்கிறது என்றால் சென்ஸரையும் வயரையும் பாருங்கள். இதற்கு எதிரானது இன்னும் ஆபத்து: மேலே போன முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் முழுதும் வற்றி, சென்ஸர் வெறும் ஆவியில் நிற்கிறது என்றும் பொருள் இருக்கலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. வெயில் நெரிசலில் பழைய பெட்ரோல் அம்பாஸடர் இழுத்து இழுத்து நின்றுவிடும். முள்ளோ நடுவில்தான் இருக்கும். இது இன்ஜின் கொதிப்பல்ல, குழாயிலும் பம்ப்பிலும் பெட்ரோல் ஆவியாகிவிடும் 'வேப்பர் லாக்'. அந்தக் கால டிரைவர்கள் பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத்துணி சுற்றியது இதற்காகத்தான். இப்படிப்பட்ட வண்டிக்கு ரேடியேட்டரை மாற்றினால் பணம் வீண்.

போர் தண்ணீரும் மஞ்சள் தூளும்

ஒரு முறை சரிசெய்த வண்டி மறுபடி சூடாவதற்குப் பெரும்பாலும் நம் பழக்கங்களே காரணம். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்போம். அதுவே ரேடியேட்டர் குழாயிலும் இன்ஜின் உள்ளேயும் படிகிறது. அந்தப் படிவு சூட்டை வெளியே விடாது. அவசரத்துக்கு எந்தத் தண்ணீரையும் ஊற்றலாம். வீடு வந்ததும் அதை வடித்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள். பாதிக்குப் பாதி கலவை துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். இனிப்புச் சுவை உள்ள கூலன்ட் குழந்தைகள், நாய், பூனை கைக்கும் வாய்க்கும் எட்டாமல் இருக்க வேண்டும்.

ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது நெடுஞ்சாலை வைத்தியம். ஓட்டையை அடைக்கும் தூள் நல்ல குழாயையும் அடைக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் அப்படித்தான். இன்ஜின் பதமான சூட்டுக்கு வர நேரமாகும், மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் சுற்றிவிடும்.

ஒரு சின்ன நோட்டு போதும்

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரான அம்பாஸடரும், 1983-ல் சாலைக்கு வந்த மாருதி 800-ம் 2014-ல் உற்பத்தி நிறுத்தப்பட்டவை. இன்னும் ஓடும் வண்டிகளுக்குப் பதிவுச் சான்றை 15 ஆண்டுக்குப் பிறகு, ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டு போகலாம். ஆனால் வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் இன்ஜின் எத்தனை முறை கொதித்தது என்பதுதான்.

வண்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள், காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் அளவைப் பார்த்து, எவ்வளவு ஊற்றினீர்கள் என்று எழுதுங்கள். மூடிய சுற்றில் தண்ணீர் குறையக் கூடாது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. வாட்டர் பம்ப்பின் அடியிலுள்ள சிறு துளையில் கறை, ஹோஸ் முனையில் வெள்ளைப் படிவு, டாஷ்போர்டின் கீழே கார்ப்பெட்டில் ஈரம் ஆகியவை தடயங்கள். எதுவுமே இல்லாமல் குறைந்தால், தண்ணீர் இன்ஜினுக்குள் போகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். முள் ஏறினால் எந்த இடம், எந்த வேகம், ஏ.சி ஓடியதா என்பதையும் குறித்துவையுங்கள்.

ஒர்க் ஷாப்புக்குப் போகும்போது "வண்டி ஹீட் ஆகுது, பாருங்க" என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். "சிக்னல்ல நின்னா முள் ஏறுது, டோல்கேட் தாண்டி ஓடினா இறங்கிடுது, தண்ணி குறையல" என்று சொல்லுங்கள். அனுபவமுள்ள மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்ற மாட்டார். நேராக ஃபேன் ஒயரைத்தான் தேடிப் போவார்.